வேலூருக்கு மட்டும் ஏன் வரவில்லை? – கோதுமை, எதிர்ப்பொருள், கொஞ்சம் வரலாறு

2016ல் ஒரு ஆய்வு வெளியானது. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கே வேலூர்ப் பகுதி என்று மூன்று இடங்களில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். ராமகிருஷ்ணா, மகாரியா ஆகிய இரு மருத்துவர்களும் அவர்களுடைய குழுவும் செய்த வேலை. தேடியது சீலியாக் நோயை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல், சிறுகுடலின் உள்சுவரையே உடம்பு தாக்க ஆரம்பிக்கும் நோய் அது.

கிடைத்த எண்கள் இவை. 1000 பேருக்கு வடக்கே 8.53 பேர். வடகிழக்கே 4.66 பேர். வேலூர்ப் பக்கம் 0.11 பேர். அதாவது வடக்குக்கும் நமக்கும் எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். வேலூரில் சோதித்தது சுமார் 9,000 பேர். கணக்குப் போட்டால் அத்தனை பேரில் ஒரே ஒருவர்!

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். எண்கள் இப்படிக் கோணலாக வந்தால் ஏன் என்று தோண்டாமல் இருக்க முடியாது. தோண்டியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

கப்படோசியாவைச் சேர்ந்த அரேட்டியஸ் என்ற கிரேக்க மருத்துவர் சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன்பே, சாப்பிட்டது செரிக்காமல் வெளியேறி உடம்பு இளைத்துப் போகும் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் வயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவர் வைத்த பெயர்தான் இன்றைய 'சீலியாக்'. 1888ல் லண்டனில் சாமுவேல் கீ இந்த நோயைக் குழந்தைகளிடம் கவனித்துத் தெளிவாக விவரித்தார். இது குணமாக வேண்டுமானால் சாப்பாட்டு வழியாகத்தான் குணமாகும் என்பதையும் ஊகித்துவிட்டார். எந்தச் சாப்பாடு என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. 1924ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். தேறியது பழத்தால் அல்ல, தட்டில் ரொட்டி இல்லாததால். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகின சங்கதிதான். எதையோ மாற்றுவோம், கோளாறு போய்விடும், காரணம் வேறெங்கோ இருக்கும்.

காரணத்தைப் பிடித்தவர் ஹாலந்து நாட்டின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. ஹாலந்தில் கடும் பஞ்சம், ரொட்டி இல்லை. சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி படுத்துவிட்டார்கள். இந்தக் கதையை நிறைய பேர் கேட்டிருப்பீர்கள். ஆனால் பஞ்சத்தைப் பார்த்துத்தான் டிக்கேவுக்குப் பொறி தட்டியது என்பது சரியில்லை. 1930களிலேயே அவர் கோதுமையை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பஞ்சம் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். 1950ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். பிறகு வான் டி காமர், வெய்ஜெர்ஸ் இருவரோடும் சேர்ந்து, மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து, கோதுமையில் இருக்கும் குளூட்டன்தான் குற்றவாளி என்று காட்டினார்.

சரி, எதிர்ப்பொருளுக்கு வருவோம். ஆன்டிபாடி என்று லேப் ரிப்போர்ட்டில் வருமே, அதுதான்.

கிருமி உள்ளே வந்தால் அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள உடம்பு தயாரிக்கும் புரதம் எதிர்ப்பொருள். குளூட்டனின் ஒரு பகுதியான கிளியாடினுக்கு எதிரான எதிர்ப்பொருள் சீலியாக் நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதை 1958ல் சுவிட்சர்லாந்தின் பெர்கர் காட்டினார். நோயைப் பிடிக்க ரத்தப் பரிசோதனை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால், அதில் ஒரு சிக்கல். இந்த எதிர்ப்பொருள் ஆரோக்கியமாக இருக்கிறவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படும். குடலில் வேறு கோளாறு இருந்தாலும் வரும். குரைக்கும், ஆனால் யாரைப் பார்த்தாலும் குரைக்கும் நாய் மாதிரி.

1980களின் தொடக்கத்தில் போலந்தின் தோல் மருத்துவர் சோர்செல்ஸ்கியும் கூட்டாளிகளும் இன்னும் நம்பகமான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குரங்கின் உணவுக்குழாய்த் திசுவின் மெல்லிய சீவலில் நோயாளியின் ரத்தச் சீரத்தை விட்டால், தசை நார்களைச் சுற்றியுள்ள உறையில் எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்கிறது. யோசித்துப் பாருங்கள். இது கோதுமைக்கு எதிரானது அல்ல. உடம்பின் சொந்தத் திசுவுக்கே எதிரானது. அந்தத் திசுவில் குறி எது என்பது 1997ல் பெர்லினில் தெரிந்தது. டீட்டெரிஷ், ஷுப்பன் குழு கண்டுபிடித்தது: திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி. இன்று லேபில் 'டிடிஜி ஐஜிஏ' என்று எழுதித் தருகிறார்களே, அந்தச் சோதனை இங்கிருந்து வந்ததுதான்.

நடப்பது இதுதான். குளூட்டன் முழுதாகச் செரிக்காமல் துண்டுகளாகக் குடல் சுவருக்குள் நுழைகிறது. மேலே சொன்ன நொதி அந்தத் துண்டுகளை லேசாக மாற்றுகிறது. எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 மரபணு வகை உள்ளவர்களிடம், மாறிய துண்டு நோயெதிர்ப்பு அணுக்களின் பிடியில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. அங்கிருந்து எச்சரிக்கை மணி. கோதுமையோடு சேர்த்து அந்த நொதிக்கும் எதிராக ஆயுதம் தயாராகிறது. குடலின் உறிஞ்சிகள் மழுங்குகின்றன. சத்து சேராது. வயிற்றுப்போக்கு மட்டுமில்லை, காரணம் தெரியாத ரத்தசோகை, வளராத குழந்தை, தேயும் எலும்பு என்று எந்த உருவத்திலும் வரலாம்.

இந்த நொதிக்கு உறவினர்கள் உண்டு. தோலில் இருக்கும் மூன்றாம் எண் டிரான்ஸ்குளூட்டமினேஸைத் தாக்கினால், 1884ல் அமெரிக்காவின் டூரிங் விவரித்த, கொப்புளமும் தாங்க முடியாத அரிப்புமான தோல் நோய். நரம்பு மண்டலத்தில் இருக்கும் ஆறாம் எண்ணுக்கு எதிரான எதிர்ப்பொருளோ, 1990களில் ஷெஃபீல்டின் ஹட்ஜிவாசிலியூ கவனப்படுத்திய நடைத் தள்ளாட்டத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. முதல் வகை சர்க்கரை நோய், தைராய்டு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களிடம் சீலியாக் கூடுதலாகக் காணப்படுவதும் உறுதியான விஷயம். மரபணுப் பின்னணியில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

ஆனால் எல்லாத் தொடர்பும் ஒரே பலம் கொண்டதல்ல. 1966ல் டோஹன் என்பவர், போர்க்காலத்தில் கோதுமை குறைந்த நாடுகளில் மனச்சிதைவு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையும் குறைந்தது என்று எழுதினார். பிற்கால ஆய்வுகள் அந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் கிளியாடின் எதிர்ப்பொருள் கூடுதலாக இருப்பதைக் கண்டன. அது அந்தப் பழைய, யாரைப் பார்த்தாலும் குரைக்கும் வகை என்பதை மறந்துவிடக் கூடாது. டிக்கே, டோஹன் இருவரும் போரையும் ரொட்டியையும்தான் பார்த்தார்கள். டிக்கே நிறுத்தினார், மறுபடி கொடுத்தார், அளந்தார். அதனால் அவருடையது நிரூபணம் ஆனது. டோஹனுடையது இன்னும் கருதுகோளாகவே நிற்கிறது. 'எதிர்ப்பொருள் இருக்கிறது, ஆகவே கோதுமைதான் காரணம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

இனி நம்ம ஊர்.

இந்தியாவில் 1966லேயே வாலியா, கய் முதலிய மருத்துவர்கள் வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் இருப்பதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அதே காலத்தில் வேறொரு நோய் மருத்துவர்களை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியது. அதையும் குடல் பாதிப்பையும் வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் வேலூர் சிஎம்சியின் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் குழுவினர். இங்கேயும் உறிஞ்சிகள் மழுங்கும், ஆள் இளைப்பார். ஆனால் சோறு சாப்பிடுகிறவர்கள். மருந்து வேறு: ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின். போதாக்குறைக்கு, நோயே இல்லாத தென்னிந்தியர்களின் உறிஞ்சிகளும் மேற்கத்தியர்களுடையதைவிடக் குட்டை என்றும் தெரிந்தது. ஆக நம் பக்கம் குடல் சதையை மட்டும் பார்த்து சீலியாக் என்று முடிவு கட்ட முடியாது. எதிர்ப்பொருள் சோதனையும் சேர வேண்டும்.

எதிர்ப்பொருளை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. அதே 2016 ஆய்வில் வேலூர்ப் பகுதியில், எதிர்ப்பொருள் இருந்தும் குடல் கெடாதவர்கள் 1000க்கு 1.22 பேர். நோய் உள்ளவர்களைப் போல பதினோரு மடங்கு. வடக்கே இது தலைகீழ், நோய் 8.53, குடல் கெடாதவர்கள் 3.70. ஒரே சோதனை, ஒரே 'பாசிட்டிவ்', ஆனால் அதன் பொருள் ஊருக்கு ஊர் மாறுகிறது. அபூர்வமான நோயைத் தேடும்போது எச்சரிக்கைகள் பெரும்பாலும் வெறும் எச்சரிக்கையாகவே முடியும்.

அப்போ நமக்கு அந்த மரபணு இல்லையா? இருக்கிறது. டிக்யூ2, டிக்யூ8 உள்ளவர்கள் வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். ஏறக்குறைய சமம். கோதுமை? வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆஹா, விடை கிடைத்தது என்று எழுந்துவிடாதீர்கள். வடகிழக்கே வெறும் 37 கிராம்தான். மரபணு 31.4 சதவீதம், நம்மைவிடக் குறைவு. நோய் மட்டும் நம்மைப் போல நாற்பது மடங்கு! கோதுமையின் அளவு மட்டுமே காரணம் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. குடல் நுண்ணுயிர்கள், சிறுவயதுத் தொற்றுகள், அந்த மரபணுக்களின் உள்வகைகள் என்று பல ஊகங்கள் உண்டு.

எனக்குக் கவலை அந்த 25 கிராம் பற்றித்தான். தமிழ்நாட்டில் கோதுமை விருந்தாளியாக வந்த தானியம். 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றது, ரேஷன் வந்தது. 1956 ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. இன்று திருவெறும்பூரில் தஞ்சாவூர் ரோட்டில் சாயங்காலம் நடந்தால் பரோட்டாக் கல் சத்தம் கேட்காத இடம் குறைவு. சுகர் வந்த வீட்டில் "அரிசியை விடுங்க, ராத்திரி ரெண்டு சப்பாத்தி" என்பதுதான் முதல் அறிவுரை. பெல், துவாக்குடி தொழிற்பேட்டை என்று வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்களும் இங்கே நிறைய. ஆகவே 'இது வடக்கத்தி நோய்' என்று ஒதுக்கிவிட்டால், இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தசோகையோடு அலைகிற யாரோ ஒருவரைத் தவறவிடுவோம்.

இதுவரை படித்ததில் கையில் எடுத்துப் போக வேண்டியவை சில. சந்தேகம் வந்தால் முதலில் டாக்டரைப் பார்த்துச் சோதனை செய்யுங்கள், கோதுமையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வரும். ஐஜிஏ வகை எதிர்ப்பொருளே பிறவியில் குறைவாக உள்ளவர்களுக்கும் அப்படித்தான், அதனால் மொத்த ஐஜிஏவையும் பார்க்கச் சொல்வார்கள். நோய் உறுதியானால் முழுசாக விட வேண்டும். சம்பா கோதுமையும் கோதுமைதான். ரவை, சேமியா, மால்ட் பானங்கள் எல்லாம் கணக்கில் சேரும். யாரும் நினைக்காத இடம் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோறு, கம்பு, கேழ்வரகு, தினை, வரகு, சாமை எல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம், அரைக்கும் மில்லில் கோதுமை கலக்காமல் இருந்தால்.

நோய் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு சப்பாத்திக் கல்லைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்த மரபணு உள்ளவர்களிலும் பெரும்பாலானோர் காலம் முழுக்கக் கோதுமை சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறார்கள். அதே வேலூர்ப் பகுதியில் இன்னும் பத்து, பதினைந்து வருஷம் கழித்து யாராவது மறுபடி ஒன்பதாயிரம் பேரின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். 25 கிராம் 100 கிராம் ஆகியிருந்தால், அந்த ஒருவர் எத்தனை பேராகியிருப்பார் என்பதுதான் நான் தெரிந்துகொள்ள ஆசைப்படும் எண்.