சென்னையில் முளைத்த தாராவி

'நாயகன்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதில் வரும் தாராவி பெரும்பாலும் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட் என்று தெரிந்த அன்று தூக்கிவாரிப் போட்டது. தினமும் தாராவியைத் தாண்டி வேலைக்குப் போகிற என்னையே ஏமாற்றிவிட்டாரே மனுஷன்!

இந்த ஜோடி அதற்கும் முந்தையது. மணிரத்னம் இதே பம்பாயில், ஜம்னாலால் பஜாஜ் கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தவர். சினிமாவில் யாரிடமும் உதவி இயக்குநராக இருந்ததில்லை. 1983-ல் வந்த அவருடைய முதல் படம், கன்னட 'பல்லவி அனு பல்லவி'. அதற்கே கலை இயக்கம் தரணிதான். வயதில் ஆறேழு வருடம் மூத்தவர். அப்பா தோட்டா வெங்கடேஸ்வர ராவும் கலை இயக்குநர் என்பதால் வீட்டிலேயே தொழில் பார்த்து வளர்ந்தவர். புதுப் பையன்தானே என்று ஒதுக்கவில்லை.

வங்கி பாஷையில் சொன்னால், கணக்கே இல்லாதவனுக்குக் கொடுத்த முதல் கடன் அது.

நான்கே வருடத்தில் அந்தப் பையன் ஒரு தாராவியையே கேட்டார். தரணி கட்டிக் கொடுத்தார். 1987-க்கான தேசிய விருதுகளில் கமலுக்கும், பி.சி. ஸ்ரீராமுக்கும், தரணிக்கும் 'நாயகன்' விருது வாங்கித் தந்தது. இயக்குநருக்கு இல்லை! ஆனாலும் கூட்டு முறியவில்லை. 2022-ல் 'பொன்னியின் செல்வ'னுக்கு அரண்மனைகள் எழுப்பியதும் அதே தரணிதான்.

அடுத்த முறை உங்கள் ஆபீசில் அனுபவமில்லாத பையன் ஒருவன் வந்து நின்றால், கொஞ்சம் தரணியை நினைத்துக்கொள்ளுங்கள்.