கோட்டை அழிந்து கல்லறைகள் எஞ்சிய பழவேற்காடு

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதிக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த பழவேற்காடு, 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சோழமண்டலக் கடற்கரையின் டச்சு வணிகத்துக்குத் தலைமையிடமாக இருந்தது. அந்தத் தலைமையிடத்தின் மையமான கோட்டை இன்று புதர் மூடிய மேடாகவும் அகழியின் தடமாகவும் மட்டுமே தெரிய, வரலாற்றுச் சின்னமாகப் பயணிகளுக்குக் காட்டப்படுவது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டமே. ஆட்சியாளர்கள் எதைப் போற்றினார்கள் என்பதைவிட, எதை இடிக்கத் தேவையில்லை என்று கருதினார்கள் என்பதே இந்த நிலையை விளக்குகிறது.

1602இல் உருவான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் தேவைப்பட்டன. அத்தீவுகளிலோ வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிக்கே கிராக்கி அதிகம் என்பதால், நெசவூர்களுக்கு அருகில் ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகர அரசர் வேங்கடபதி ராயருடன் 1610இல் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியே டச்சுக்காரர் பழவேற்காட்டில் காலூன்றினர். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர் 1612இல் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கியதையடுத்துக் கோட்டைப் பணி விரைவுபெற்று 1613இல் முடிந்தது. பணியை முடித்த வெம்மர் வான் பெர்கெமின் தாயகமான கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அது கெல்ட்ரியா எனப்பட்டது.

பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. இங்கே உற்பத்தியான வெடிமருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டது. கம்பெனி இங்கே நாணயமும் அச்சடித்தது. பஞ்சமும் போரும் சூழ்ந்த ஆண்டுகளில் அடிமைகளாக விற்கப்பட்ட தமிழரும் தெலுங்கரும் இதே துறையிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டனர். கல்லறைத் தோட்டத்தின் வேலைப்பாட்டை வியக்கும் எழுத்துகள் பலவும் இந்த மூன்றாவது சரக்கைப் பற்றி ஒரு வரியோடு நின்றுவிடுவது குறையே.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதும் ஊரின் வீழ்ச்சி தொடங்கியது. 1781இல் நாகப்பட்டினமும் பழவேற்காடும் ஆங்கிலேயர் வசமாயின; பின்னர் உடன்படிக்கையின்படி பழவேற்காடு மட்டும் டச்சுக்காரருக்குத் திரும்பியது. 1795இல் மறுபடி அதைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், எதிரிக்கு மீண்டும் பயன்பட்டுவிடக் கூடாது என்ற போர்க்கால வழக்கப்படி 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கெல்ட்ரியாவைத் தகர்த்தனர். 1818இல் ஊரைத் திரும்பப் பெற்ற டச்சுக்காரர், கோட்டையில்லாத அந்த ஊரை 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையின்கீழ் அடுத்த ஆண்டே நிரந்தரமாக விட்டுக்கொடுத்தனர். கோட்டையின் செங்கல் பகைவருக்கு அரணாகும். கல்லறைப் பலகையால் எந்தப் படைக்கும் பயனில்லை. கல்லறைகள் தப்பியதற்கு இதைவிட உயர்ந்த காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தத் தோட்டத்தின் வாயிலில் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. ஒன்று மணற்கடிகாரத்தைத் தலையில் தாங்க, மற்றொன்று மண்டையோட்டை ஏந்துகிறது. மனித வாழ்வு நிலையற்றது என்பதை நினைவூட்டும் இவ்வகை உருவங்கள் அக்கால ஐரோப்பியச் சீர்திருத்தக் கிறித்தவர்களின் ஓவியத்திலும் கல்வேலையிலும் பரவலாக இருந்தவை. உள்ளே 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. குலச்சின்னங்களும் புடைப்பாகச் செதுக்கிய டச்சு எழுத்துகளும் தாங்கிய தட்டையான பலகைகளே மிகுதி என்றாலும், உயர்ந்த கூம்புத் தூண்களும் கவிகை மாடங்களும் இடையிடையே எழுகின்றன. இறந்தவரின் பதவியும் செல்வமும் கல்லின் அளவிலேயே தெரிகின்றன. நிலையாமையைச் சொல்லும் வாயிலுக்குள் இப்படி ஒரு தரவரிசை இருப்பது கவனிக்கத்தக்கது.

இந்தக் கற்களை முதலில் முறையாக ஆய்வுப்பொருளாக்கியவர், ஆதிச்சநல்லூர் அகழாய்வால் தமிழர்கள் நன்கறிந்த அலெக்சாண்டர் ரீ. சென்னை மாகாணத்தில் எஞ்சிய டச்சுக் கம்பெனிச் சின்னங்களைப் பற்றிய அவரது நூல், வரைபடங்களோடு 1897இல் வெளிவந்தது. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணம் முழுவதிலுமுள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது பழவேற்காட்டு வாசகங்களும் அதில் இடம்பெற்றன. இவ்விரு நூல்களுக்கும் இடையில், 1904இல், பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஊரின் ஒரு மூலையில் கிடந்த இடுகாடு இவ்வாறு அளவெடுத்து, வாசித்து, வேலியிடப்பட்டுப் 'பார்க்கத்தக்க இடம்' ஆயிற்று. அளந்து வரைவதற்குக் கட்டடமாக எஞ்சியிராத கோட்டைக்கு அந்த வாய்ப்பே அமையவில்லை.

ஆனாலும் இன்றைய பயணிகளில் பலரை இவ்வூருக்கு இழுப்பது ஏரிதான். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர்க் காயலான இதற்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வருவதாலும், மீனும் இறாலும் கிடைப்பதாலும், சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரிக்கு வந்து பேருந்து மாறுவோர் பெரும்பாலும் கரையை நோக்கியே நடக்கின்றனர். 2011 டிசம்பர் 25 அன்று நேர்ந்த படகு விபத்தில் 22 பேர் உயிரிழந்த பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஊருக்குள் இன்னொரு வகைப் பழமையும் உண்டு. விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் செம்புரைக் கல்லில் சிறுசிறு இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. மரைக்காயர்களின் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய உதவிய நிழற்கடிகாரம் உள்ளது. மகிமை மாதா ஆலயம் தன் தோற்றத்தை 1515இல் போர்த்துகீசியர் எழுப்பிய வழிபாட்டிடத்தோடு இணைக்கிறது. இவற்றைக் காப்பாற்றியது அன்றாடப் புழக்கம். நாள்தோறும் ஆட்கள் வந்துபோகும் இடத்தில் பழைய சுவரை அப்படியே வைத்திருப்பதா, பெருகும் கூட்டத்துக்கு ஏற்பப் புதுப்பிப்பதா என்பதை வழிபடுவோரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அழுவதற்கு உறவினர் எவரும் வராத டச்சுக் கல்லறைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.