தட்பமும் வெப்பமும்: ஒரு குடும்பத் தொழிலின் வரலாறு

அரியலூர் என்றதும் சுண்ணாம்புக்கல் நம் நினைவுக்கு வருகிறது. பெரம்பலூர் என்றதும் பருத்தியும் சின்ன வெங்காயமும் கரும்பும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரு மாவட்டங்களின் ஆலைகளைச் சற்று ஆழ்ந்து நோக்கினால், அவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஓர் ஆற்றல் நின்று இயங்குவதைக் காணலாம். அதுவே வெப்பம்.

அரியலூர்ப் பகுதியின் சிமெண்டு ஆலைகளில், சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் சூட்டில் வேகிறது. வெந்து வெளிவரும் கட்டிகளைக் குளிர்ந்த காற்றை வீசி ஆற்றுகிறார்கள். அவ்வாறு சூடேறிய காற்றை வீணாக்காமல் மீண்டும் சூளைக்கே அனுப்புகிறார்கள். எறையூர்ச் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கிறார்கள். அந்த நீராவிதான் சாற்றைக் காய்ச்சுகிறது. ஆகவே, சூடேற்றுவதும் ஆற்றுவதும் தொழில் உலகில் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் எனலாம்.

இவ்விரண்டையும் செய்யும் கருவிகளைத் தலைமுறை தலைமுறையாக ஆக்கித்தரும் இந்தியக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை இன்று காண்போம். அதற்கு முன், குளிர்ச்சியை விற்றுப் பெரும்பொருள் ஈட்டியும் நிலைக்காமற்போன ஒரு வாணிகத்தைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த பிரடெரிக் டியூடர், 1806-ஆம் ஆண்டில் ஏரிப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார். அவருடைய உடன்பிறந்தாரும் தொடக்கத்தில் இம்முயற்சியில் பங்கு கொண்டனர். பலர் நகைத்தார்கள். ஆனால் 1833-இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாத் துறைமுகத்தை அடைந்தது. 1840-களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமிக்கத் தனிக் கட்டடமே எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் அழைத்த அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. 1864-இல் டியூடர் மறைந்தார். பின்னர், நீராவிப் பொறியின் உதவியால் இந்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யும் ஆலைகள் தோன்றின. கடல் கடந்து வந்த பனிக்கட்டிக்கு வேலை இல்லாமற்போயிற்று. அவ்வாணிகம் பனிக்கட்டியை விற்றதேயன்றி, குளிர்ச்சியை ஆக்கும் கலையைக் கற்கவில்லை. வீழ்ச்சிக்கு அதுவே காரணம்.

இனி நம் நாட்டுக் குடும்பத்துக்கு வருவோம்.

1960-களில் இந்தியா தொழில் வளர்ச்சியில் முனைந்திருந்தது. பெரம்பலூரும் அரியலூரும் அடங்கியிருந்த அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், திருவெறும்பூரில், 1965-ஆம் ஆண்டில் அரசின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை தொடங்கப்பெற்றது. மின் நிலையங்களுக்கு வேண்டிய மாபெரும் கொதிகலன்கள் அங்கே உருவாயின. ஆனால், துணிக்குச் சாயம் ஏற்றுபவருக்கும், மருந்து செய்பவருக்கும், உணவு பதப்படுத்துபவருக்கும் மலையளவு கொதிகலன் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது விரைவில் நீராவி தரும் சிறு கருவி. அந்தத் தேவையை உணர்ந்தவர் ஏ. எஸ். பதேனா என்னும் பார்சித் தொழிலதிபர். முன்னர் மருத்துவமனைக் கருவிகளைச் செய்துவந்த அவர், பெல்ஜிய நாட்டு வான்சன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் 1966-இல் வான்சன் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சிறு கொதிகலன்களைச் செய்யலானார். புனே நகரம் அதன் இருப்பிடமாயிற்று.

பதேனாவின் மகள் அனு. மருமகன் ரோகிண்டன் ஆகா. கேம்பிரிட்ஜில் கற்ற ரோகிண்டன் நிறுவனத்தை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். 1980-இல் நிறுவனம் தெர்மாக்ஸ் என்னும் புதுப்பெயர் பெற்றது. வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இப்பெயரின் வேர். எனினும் அந்நிறுவனம் வெப்பத்தோடு நின்றுவிடவில்லை. கழிவு வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சியை உண்டாக்கும் பொறிகளையும் செய்யத் தொடங்கிற்று.

சூட்டிலிருந்து குளிர்ச்சி பிறக்குமா என்று மாணவர்கள் வியக்கலாம். அதன் நுட்பம் எளியது. நீர் 100 பாகையில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். அது நாம் வாழும் காற்றழுத்தத்தில்தான். மூடிய கலத்திலிருந்து காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை நூற்றில் ஒரு பங்கிற்கும் கீழே குறைத்துவிட்டால், நீர் 5 பாகையிலேயே ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை, அருகே குழாயில் ஓடும் நீரிலிருந்து அது கவர்ந்துகொள்ளும். அதனால் குழாய் நீர் குளிர்ந்துவிடுகிறது. பிறந்த ஆவியை லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசல் உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அக்கரைசலைச் சூடாக்கினால் நீர் மட்டும் ஆவியாகப் பிரியும். அதை ஆற்றி நீராக்கி மீண்டும் முதற் கலத்துக்கே அனுப்பலாம். பிரான்சு நாட்டுப் பெர்டினாண்ட் காரே 1859-இல் அம்மோனியாவைக் கொண்டு இவ்வகைப் பொறியை அமைத்தார். இதற்கு வேண்டிய மின்சாரம் மிகச் சிறிது. ஆலையின் புகைபோக்கி வழியே வீணாகும் வெப்பமே இப்பொறிக்கு உணவு.

டியூடரின் வாணிகம் செய்யாததை இக்குடும்பம் செய்தது. தான் விற்றுவந்த பொருளைத் தன் தொழிலின் எல்லையாகக் கொள்ளாமல், அப்பொருளின் அடியிலுள்ள அறிவைத் தன் முதலாகக் கொண்டது.

ஆயினும் அறிவு மட்டும் ஒரு குடும்பத் தொழிலைக் காத்துவிடுமா? 1995-இல் தெர்மாக்ஸின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. மறு ஆண்டே ரோகிண்டன் மாரடைப்பால் காலமானார். நிறுவனத்தின் மனிதவளத் துறையில் பணியாற்றிவந்த அனு ஆகா தலைமையை ஏற்றார். பின்னர் தம் இளம் மகனையும் விபத்தில் இழந்தார். அந்தத் துயரத்தோடு தொழிலிலும் நெருக்கடி சூழ்ந்தது. நாட்டில் புதிய ஆலைகள் எழுவது குறைந்தது. பங்கின் விலை சரிந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவனம் நட்டத்தையும் கண்டது. முகம் தெரியாத பங்குதாரர் ஒருவர், தாங்கள் கைவிடப்பட்டோம் என்று வருந்தி எழுதிய கடிதம் தம்மை உறங்கவிடவில்லை என்று அனு ஆகாவே பின்னாளில் கூறியிருக்கிறார்.

இங்கேதான் இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம் அமைகிறது. அவர் வெளியாரான ஆலோசகர்களை அழைத்தார். அவர்கள் கூறிய கசப்பு மருந்தையும் ஏற்றார். நிறுவனத்துக்கு ஒவ்வாத துணைத் தொழில்கள் கைவிடப்பட்டன. இயக்குநர் குழு புதிதாக அமைக்கப்பட்டது. அனுவும் அவர் மகள் மெகரும் மருமகனும் அன்றாட நிருவாகப் பதவிகளிலிருந்து விலகிக்கொண்டனர். தகுதி வாய்ந்த வெளியார் நிருவாகத்தை நடத்தலாயினர். நிறுவனம் மீண்டும் ஆதாயம் காணத் தொடங்கிற்று. 2004-இல் அனு ஆகா ஓய்வுபெற, மெகர் பதும்ஜி தலைவரானார். பொறியியல் கற்ற அவர், தொடங்கியவரின் பேத்தி. அத்தொழிலின் மூன்றாம் தலைமுறை. 2018-இல் சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் உள்ள ஸ்ரீசிட்டியில், குளிரூட்டும் பொறிகளுக்கென ஓர் ஆலையையும் இந்நிறுவனம் திறந்தது.

பாட்டன் தேடியதைப் பேரன் தொலைப்பான் என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. அது பொய்யன்று, பல வீடுகளில் நடந்ததுதான். ஆனால் அது விதியுமன்று. பெயரையும் நாற்காலியையும் மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் குடும்பங்களில் அது நடக்கிறது. தொழிலறிவையும், பிறர் சொல்லைக் கேட்கும் பணிவையும், வேண்டியபோது நாற்காலியை விட்டு எழும் துணிவையும் விட்டுச்செல்லும் குடும்பங்களில் அது நடப்பதில்லை. மகனுக்கே தொழில் என்னும் வழக்கம் வேரூன்றிய நாட்டில், தந்தையிடமிருந்து மருமகனுக்கும், அவரிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் தலைமை சென்றதும் எண்ணத்தக்கது.

பெரம்பலூர், அரியலூர்க் கடைத்தெருக்களிலும் தட்பவெப்பத் தொழில் நடக்கிறது. குளிர்பெட்டியைப் பழுது பார்ப்பவரும், குளிரூட்டியைத் துப்புரவு செய்பவரும், மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவரும் இத்தொழிலைச் சேர்ந்தவர்களே. அவர்களிற் பலர் தந்தையிடம் கற்றுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் இயற்பியல் படிக்கிறார்கள். தந்தையின் கைத்திறனோடு அவ்வகுப்பறை அறிவும் சேருமானால், சிறிய கடையும் நாளை பெருந்தொழிலாகும். புதிது வந்தபோது கற்க மறுத்த பெருவாணிகத்துக்கு நிகழ்ந்ததைச் சென்னைக் கடற்கரைக் கட்டடம் நமக்குச் சொல்லிக்கொண்டே நிற்கிறது.