வைத்த இடமும் எடுத்த இடமும்

1949 மே 6ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அடிக்கடி வேண்டிய கணக்கு முறைகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து, அங்கே நூலகம் போல் சேர்த்து வைத்தனர். ஒரு முறையை அழைக்கும்போது அதற்குரிய எண்களை எங்கே வைப்பது? டேவிட் வீலர் வகுத்த ஏற்பாட்டில், அழைக்கும் கட்டளையை அடுத்தே வைக்கலாம்.

இன்றோ எண்கள் பெரும்பாலும் ரெஜிஸ்டர் என்னும் சிற்றறைகளில் செல்கின்றன. 64 பிட் இன்டெல் சிப்பில் விண்டோஸ் 4 முழு எண்கள் வரையிலும், லினக்ஸ் 6 வரையிலும் இவ்வாறு அனுப்பும்.

வைப்பவரும் எடுப்பவரும் ஒத்துப்போகாவிட்டால் விடை கெடும். சோதிப்போமா? 20உடன் 5ஐக் கூட்டினால், இடம் மாறினாலும் 25தான், பிழை மறைந்துவிடும். 20இலிருந்து 5ஐக் கழித்துப் பார்ப்போம். 15 வந்தால் சரி; மைனஸ் 15 வந்தால் இடம் மாறியதை அறிவோம். பிழையைக் காட்டிக்கொடுக்கும் கணக்கே நல்ல சோதனை.