பிலால் ஏறிய கூரை

ஓசூர் சிப்காட்டில் நான் காண்ட்ராக்ட் கூலியாக இருந்த காலம். ஒரே ரூமில் ஆறு பேர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் புழங்கும். கிருஷ்ணகிரி பாய் ஒருத்தர் நபிகள் நாயகத்தின் வரலாறு பேசும் சிறுநூல் ஒன்றை நீட்டினார். "படிச்சுப் பாரு தம்பி. எழுதினவரு எங்க ஆளு இல்ல, உங்க ஆளு."

எழுதியவர் கே.எஸ். ராமகிருஷ்ண ராவ். எல்லைக்கு அந்தப் பக்கம், மண்டியா அரசு மகளிர் கல்லூரியில் தத்துவத்துறைத் தலைவராக இருந்தவர். அவர் எப்போ எங்க ஆளானார்? முஸ்லிம் அல்லாதவர் எல்லாம் ஒரே ஆள் என்றால் ஊருக்கு ரெண்டு சுடுகாடு எதுக்கு?

நபியின் வாழ்க்கையை வெளியே நின்று எழுதியவர்கள் அவரவர் சமூகத்தின் கேள்வியோடுதான் எழுதினார்கள். நபியை வஞ்சகர் என்று ஏசிவந்த ஐரோப்பாவுக்கு மறுப்பாக, 1840இல் லண்டன் சொற்பொழிவில் தாமஸ் கார்லைல் அவரை வீரநாயகராக நிறுத்தினார். வில்லியம் மியூர் வெள்ளை அரசின் அதிகாரி. 1858-61இல் நாலு தொகுதி எழுதினார். பாதிரிமாரின் வாதத்துக்கு அது ஆயுதம். தமிழ்நாட்டிலோ கேள்வி சாதி. 1947இல் பெரியார் இன இழிவுக்கு இஸ்லாமே மருந்து என்று திருச்சியில் பேசினார். 'நான் காதலிக்கும் இஸ்லாம்' எழுதிய அடியார், 1987இல் அப்துல்லாஹ் அடியார் ஆனார். கிறிஸ்தவரான வலம்புரி ஜானும் நாயகத்தைப் பற்றி நூல் செய்தார்.

ராவின் நூலில் என்னை நிறுத்தியது பிலால் வரும் இடம். கறுப்பு அடிமை. சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறையேற்றி வதைத்தார்கள். அபூபக்கர் விலை கொடுத்து விடுவித்தார். 630இல் மக்கா வெற்றியன்று அதே பிலால் கஅபாவின் கூரையேறி பாங்கு சொன்னார். கோயில் வாசலையே மிதிக்கவிடாத ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தக் கூரை சாதாரணமா?

ஆனால் அன்றைக்கு மக்காவின் மேட்டுக்குடியார் சிலர் முகம் சுளித்தார்கள் என்கின்றன மரபுச் செய்திகள். புகழுரைகள் கூரையைக் காட்டிவிட்டு, இந்தச் சுளிப்பைத் தாண்டிப் போய்விடுகின்றன. எங்களுக்கு வரலாறு அந்தச் சுளிப்பில்தான் இருக்கிறது.

1981 பிப்ரவரி 19. திருநெல்வேலி மாவட்டமாக அன்றிருந்த மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே முகம் சுளித்தது. வளைகுடாப் பணம் என்றார்கள். எதைவிட்டு ஓடினார்கள் என்று கேட்டவர் கொஞ்சம். சட்டமும் சுளிக்கிறது: 1950 ஆணைப்படி பட்டியல் சாதியென்றால் இந்துதான், 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் சேர்ந்தார்கள். முஸ்லிமான தலித்துக்கு இன்றும் அந்தச் சான்றிதழ் இல்லை. கூரையேறினால் ஏணியை எடுத்துவிடுவார்கள்.

அம்பேத்கர் 1950இல் புத்தர், இயேசு, நபி, கிருஷ்ணன் நால்வரையும் ஒப்பிட்டு எழுதினார். பாகிஸ்தான் பற்றிய நூலில் இந்திய முஸ்லிம்களிடம் உள்ள சாதியையும் மறைக்கவில்லை. அவர் பவுத்தத்துக்குப் போனார். ஆனால் கேட்டுப் பார்க்காமல் போகவில்லை.

பாயிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கையில் சொன்னேன்: "நல்லாயிருக்கு பாய். ஆனா பிலால் எறங்கி வந்த பிறகு யாரு பொண்ணு குடுத்தா, யாரு மறுத்தா, அதையும் எழுதணும்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அத நீதாம்ப்பா எழுதணும்" என்றார்.

தோழர்களே, ஏச்சும் போதும், புகழ்ச்சியும் போதும். சேரியிலிருந்து இன்னும் அந்த வரலாறு எழுதப்பட வேண்டியிருக்கிறது.