ஆலோசனையும் ஆணையும்: இரு ஒப்பந்தங்களின் மொழி

உடன்படிக்கை என்னும் சொல் இரு தரப்பினர் மனமொத்து இசைவதைக் குறிப்பது. எனினும், வலியோரும் மெலியோரும் கையொப்பமிட்ட ஆவணங்களை மொழியியல் நோக்கில் ஆராயுங்கால், இசைவு எங்கே முடிந்து கட்டளை எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு சொல்லோ ஒரு வினைவடிவமோ காட்டிவிடுகின்றது. இரு சான்றுகளைக் காண்போம்.

முதலாவது இம்மண்ணுக்குரியது. 1874 ஜனவரி 20ஆம் நாள், பங்கோர் தீவருகே புளூட்டோ என்னும் கப்பலில், ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்குடன் பேராக் தலைவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஒருவரை அவர் ஏற்க வேண்டும். மலாய்ச் சமயமும் வழக்காறும் நீங்கலாக அனைத்திலும் அவ்வதிகாரியின் ஆலோசனையைக் கேட்கவும் அதன்படி நடக்கவும் வேண்டும் என்றது ஆங்கில வாசகம். ஆலோசனை என்பது கேட்பவர் கொள்ளவும் தள்ளவும் உரியது. தள்ளவியலாத ஆலோசனைக்கு ஆணை என்பதே பெயர். ஆணை என்றே எழுதியிருப்பின், சுல்தானின் இறைமை பறிபோனது வெளிப்பட்டிருக்கும். முதல் ரெசிடெண்ட் பர்ச், வரி வசூலைத் தம் கட்டுப்பாட்டில் கொணர முற்பட்டபோது அச்சொல்லின் உண்மைப் பொருள் பேராக் தலைவர்களுக்கு விளங்கிற்று. 1875 நவம்பர் 2ஆம் நாள் அவர் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அப்துல்லா சேஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார்.

இரண்டாவது சான்று, எத்தியோப்பியாவின் இரண்டாம் மெனலிக் 1889 மே 2ஆம் நாள் இத்தாலியுடன் செய்த வுச்சாலே ஒப்பந்தம். அதன் 17ஆம் விதி, பிற அரசுகளுடனான தொடர்புகளுக்கு இத்தாலியின் துணையை மன்னர் பெறலாம் என்று அம்காரிய மொழியில் கூறிற்று. இத்தாலிய வாசகமோ அத்துணையைப் பெற அவர் இசைந்துவிட்டதாக உரைத்தது. அதனைக் கட்டாயமாகக் கொண்டு, எத்தியோப்பியா தன் காப்பரசு என்றது இத்தாலி. நம் இலக்கணத்தில் ‘பெறலாம்’ என்பதற்கும் ‘பெற வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு நாட்டின் விடுதலை அடங்கியிருந்தது. 1893இல் மெனலிக் ஒப்பந்தத்தை மறுத்தார். 1896 மார்ச் 1ஆம் நாள் அட்வாவில் இத்தாலியப் படையை வென்றார். அவ்வாண்டே அடிஸ் அபாபாவில் கையொப்பமான உடன்படிக்கையில் இத்தாலி எத்தியோப்பியாவின் விடுதலையை ஏற்றது.

இரு நிகழ்வுகளிலும், சொல்லுக்குப் பொருள் கூறும் உரிமை வலிமையைச் சார்ந்தே நின்றமை தெளிவு. ஆயினும், மெனலிக் தம் மறுப்புக்கு ஆதாரமாகக் காட்டியது தம் மொழியில் இருந்த வாசகத்தையே என்பதை நாம் மறத்தலாகாது. வகுப்பறையில் வினைவடிவங்களைக் கற்பிக்கும்போது, தேர்வுக்குரிய பாடமாக மட்டும் அவற்றைக் கருதாமல், யார் கேட்கலாம், யார் கேட்டே ஆகவேண்டும் என்று வினவவும் மாணவர்க்குக் கற்பிப்போமாக.