ஊருக்கு வரும் உறவுகளே, ஏ9 வீதியில் கவனம்

விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவுகள் பலர், கட்டுநாயக்காவில் இறங்கியதும் இரவோடிரவாக யாழ்ப்பாணம் போய்ச் சேரவே விரும்புகிறார்கள். ஏ9 வீதியில் பல வருடங்களாக வாகனம் ஓடுபவன் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த இரவுப் பயணத்தைத் தவிருங்கள்.

வவுனியாவுக்கு வடக்கே வீதி நேராகவும் இருட்டாகவும் கிடக்கும். களைத்த சாரதி கண்ணயர்வது அங்கேதான். கட்டாக்காலி மாடுகள் தார் வீதியில் படுத்திருக்கும். பின்விளக்கு இல்லாத லாண்ட்மாஸ்டர் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். யானையும் குறுக்கிடலாம். விடியும்வரை தங்கிப் புறப்படுங்கள். முடியாவிட்டால் இரண்டு சாரதிகளை அமர்த்துங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கும் நம்மவர் வழக்கம் சாரதிக்கும் நல்ல ஓய்வு.

நீங்களே ஓடுவதானால் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. அதற்கு இலங்கையிலும் அங்கீகாரம் பெறவேண்டும். இல்லையேல் விபத்தின்போது காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். காருக்கு வேக எல்லை ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70.

கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே எல்லாம் வலப்பக்கம் ஓடும் நாடுகள். இங்கே இடப்பக்கம். நெரிசலில் இது மறக்காது. காலையில் படலையைத் திறந்து வெறும் ஒழுங்கையில் இறங்கும்போதுதான் கை பழைய பக்கம் திருப்பும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, வீதியைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்க்கப் பழக்குங்கள்.

எதிரே வருபவர் விளக்கை மின்னினால், சில நாடுகளில் "நீங்கள் போங்கள்" என்று பொருள். இங்கே அநேகமாக "நான் வருகிறேன், விலகு" என்பதே பொருள். பஸ்சுக்கு வழிவிடுங்கள், உரிமை பேச அது இடமல்ல.

1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்களின் நினைவில், ரயில் வராத கடவைகளே இருக்கும். காவலாளி இல்லாத கடவையில் நின்று, கண்ணாடியை இறக்கி, இருபுறமும் பார்த்துக் கடவுங்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டுக் கீழே இறங்கவேண்டாம்.

விபத்து நேர்ந்தால் அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இரண்டையும் தொலைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள். யுத்தத்துக்குத் தப்பிப் போனவர்களை வீதியில் இழக்கக் கூடாது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் நான்கு மணித்தியாலம் பிந்தி வந்தாலும் பரவாயில்லை.